அவுரி இரண்டு, பெயர் ஒன்று: இலத்தீன் பெயரில் இலையைப் படிப்பது எப்படி?

"அவுரி விதை என்று கேட்டுத்தான் வாங்கினேன், ஐயா. கடைக்காரரும் அவுரி என்றே கொடுத்தார். முளைத்து வந்ததும் அவுரிதான் என்று ஊரில் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இலை வாங்க வந்த வியாபாரி மட்டும் இது அவுரி இல்லை என்று கையை விரித்துவிட்டார். யார் சொல்வதை நான் நம்புவது?"

சில ஆண்டுகளுக்கு முன் விளாத்திகுளம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் விதைத்திருந்தார். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்திருந்த செடியைப் பிரித்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னது சரி, ஊர்ப் பெரியவர்கள் சொன்னது சரி, வியாபாரி சொன்னதும் சரி. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

தமிழில் அவுரி என்ற பெயர் இரண்டு செடிகளுக்கு வழங்குகிறது. ஒன்று நீலச் சாயம் எடுக்கும் அவுரி. நீலி என்றும் இதனைச் சொல்வர். தலைமுடிக்குச் சாயமாக இதன் இலைப்பொடி விற்பனையாகிறது. மற்றொன்று மலமிளக்கி மருந்துக்காகப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் இதனையும் அவுரி என்றே அழைக்கிறார்கள். உலகச் சந்தையில் இதற்குத் திருநெல்வேலிச் சென்னா என்று நம் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. விவசாயி விதைக்க நினைத்தது நிலாவாரை. விதைத்தது நீலி.

விதைப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அதன் அடியில் பொடி எழுத்தில் 'இண்டிகோபெரா டிங்டோரியா' என்று அச்சிட்டிருந்தது. அவர் கேட்டிருக்க வேண்டியது 'காசியா அங்குஸ்டிபோலியா'. இந்த இரண்டு பெயர்களையும் ஒருவர் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஒரு பருவம் வீணாகியிருக்காது. யார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? முந்தைய ஆண்டு நடந்த பயிற்சி முகாமில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் புரட்டிக் காட்டினார். 'அவுரி, மானாவாரிக்கு ஏற்றது, இலை ஏற்றுமதி' என்று இருந்தது. அந்த முகாமில் மூலிகைச் சாகுபடி பற்றிப் பேசியவன் நான்தான். இலத்தீன் பெயர் விவசாயிகளுக்கு எதற்கு, வாயில் நுழையாதே என்று எண்ணி விட்டுவிட்டேன். அந்த எண்ணம் தவறு என்பதை அவருடைய இரண்டு ஏக்கர் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அவர் அந்தச் செடியை மடக்கி உழுதார். நீலி அவரை, பயறு இனங்களைப் போல வேரில் முடிச்சு கட்டும் செடி. ஆகவே நிலத்துக்குக் கொஞ்சம் தழைச்சத்தாவது கிடைத்தது. நிலாவாரைக்கு வேர் முடிச்சு கிடையாது. சந்தேகம் வந்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதும் ஓர் அடையாளந்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். செடிகளின் இலத்தீன் பெயர்களில் பல, இலையின் வடிவத்தைத்தான் சொல்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள் கொள்வது கடினமல்ல. பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சிறு விளக்கம். கறிவேப்பிலையை நாம் ஓர் இணுக்கு, இரண்டு இணுக்கு என்று கிள்ளுகிறோம். அந்த இணுக்கு முழுவதையும் தாவரவியல் ஒரே இலை என்று கணக்கிடுகிறது. அதில் இருக்கும் சின்னச் சின்ன இலைகளைச் சிற்றிலைகள் என்கிறோம். ஒரே இணுக்கில் பல சிற்றிலைகள் இருந்தால் அது கூட்டிலை. காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் பறவை இறகுபோல அமைந்திருந்தால் அதற்குப் 'பின்னேட்' என்று பெயர். பின்னா என்றால் இலத்தீனில் இறகு.

இந்த இறகு வடிவத்திலும் இரண்டு வகை உண்டு. புளிய இணுக்கை எடுத்து நுனியைப் பாருங்கள். கடைசியில் இரண்டு சிற்றிலைகள் ஜோடியாக முடியும். கறிவேப்பிலை இணுக்கின் நுனியிலோ ஒற்றைச் சிற்றிலை நிமிர்ந்து நிற்கும். புளி மாதிரி ஜோடியாக முடிவது 'பாரிபின்னேட்'. கறிவேப்பிலை மாதிரி ஒற்றையாக முடிவது 'இம்பாரிபின்னேட்'. பார் என்றால் இரட்டைப்படை, முன்னால் வரும் இம் அதனை இல்லை என்கிறது. இந்த ஒரு வேறுபாடே நம் இரண்டு அவுரிகளையும் பிரித்துவிடும். நிலாவாரை புளியைப் போல ஜோடியில் முடியும். நீலி கறிவேப்பிலையைப் போல ஒற்றையில் முடியும். பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிலாவாரையின் பூ மஞ்சள், நீலியின் பூ இளஞ்சிவப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூ வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? களை எடுக்கும் தருணத்திலேயே இணுக்கின் நுனியைப் பார்த்துவிடலாம். மாதிரிக்கு ஐந்தாறு செடிகளையாவது பாருங்கள். ஒரு செடியில் ஒரு சிற்றிலை உதிர்ந்து போயிருந்தால் கணக்குத் தவறும்.

அடுத்து, பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை. அங்குஸ்டிபோலியா என்ற பெயரை அந்த விவசாயிக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "கடைசியில் போலியா, போலியா என்று வருகிறதே ஐயா, போலிச் சரக்கா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அவர் காதில் விழுந்ததுதான் சாவி. ஃபோலியம் என்றால் இலத்தீனில் இலை. பெயரின் முடிவில் போலியா, போலியஸ், போலியம் என்று எது வந்தாலும் 'இன்ன இலையை உடையது' என்று பொருள். அவன், அவள், அது என்று நம் மொழியில் வினை முடிவு மாறுவதுபோல, முதல் சொல்லின் பாலுக்கு ஏற்ப இந்த ஈறு மாறும். பொருள் மாறாது. நம் எழுத்தில் ஃபோ என்று எழுதுவதைவிடப் போ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டதால் அசலே போலியாகிவிட்டது.

போலியாவுக்கு முன்னால் வரும் இகரம் வெறும் இணைப்பு. புளி என்பதும் காய் என்பதும் சேரும்போது புளியங்காய் ஆகிறது அல்லவா? நடுவில் வந்த 'அம்' என்பதைச் சாரியை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அங்குஸ்ட் என்பதும் போலியா என்பதும் சேரும்போது நடுவில் வரும் இகரமும் அதுபோன்றதுதான். அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இலையின் வடிவம். அங்குஸ்டஸ் என்றால் ஒடுங்கியது. ஆகவே அங்குஸ்டிபோலியா என்றால் ஒடுங்கிய இலையுடையது. லாட்டஸ் என்றால் அகன்றது. ஈட்டி மரத்தின் பெயர் டால்பெர்ஜியா லாட்டிபோலியா, அகன்ற இலையுடையது. லாங்கஸ் என்றால் நீண்டது. இலுப்பையின் பெயர் மதுகா லாங்கிபோலியா, நீண்ட இலையுடையது. இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வரும்.

இப்படி இரண்டே சொல்லில் பெயர் வைக்கும் முறையைச் செடிகள் அனைத்துக்கும் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1753-இல் வெளிவந்த அவருடைய நூல்தான் இன்றைக்கும் செடிப் பெயர்களுக்குத் தொடக்க எல்லை. அதற்கு முன் ஒரு செடியின் பெயர் ஒரு முழு வாக்கியமாகவே இருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய மற்றொரு நூலில் இலை வடிவங்களைப் படம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கொடுத்தார். நாம் இங்கே பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சொற்களே. புதிய செடி ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் வர்ணனையை இலத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற விதி 2012 முதல் தளர்ந்தது. இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். பெயர் மட்டும் இலத்தீன் வடிவிலேயே தொடர்கிறது.

ஆவாரை இனத்தை எடுத்துக்கொண்டால் இலைச் சொற்கள் பலவற்றை ஒரே இடத்தில் கற்கலாம். நிலாவாரை பயிரிடுவோருக்கு இது பணத்தோடு சம்பந்தப்பட்ட பாடம். ஏனெனில் நிலாவாரை இலையில் கலப்படமாகவோ, தெரியாத கலப்பாகவோ வந்து சேர்பவை பெரும்பாலும் அதன் உறவுக்காரச் செடிகள்தாம்.

நிலாவாரை இலைக்கு உலகச் சந்தையில் இரண்டு தரப் பெயர்கள் வழங்கின. நம்முடையது அங்குஸ்டிபோலியா, ஒடுங்கிய இலை. சூடான் பகுதியில் விளைந்து எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகம் வழியாகப் போனது அகூட்டிபோலியா. அகூட்டஸ் என்றால் கூர்மையானது. கூரிய இலையுடையது என்று பொருள். நம் சரக்கின் சிற்றிலை இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும். அலெக்சாந்திரியச் சரக்கு ஒன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர். இரண்டையும் 'லான்சியோலேட்' வடிவம் என்பர், அதாவது ஈட்டி முனை வடிவம். அடிப்பக்கம் சற்று அகன்று, நுனி நோக்கிப் படிப்படியாக ஒடுங்கிக் கூராக முடிவது. சிற்றிலையின் அடியை உற்றுப் பாருங்கள். நடு நரம்பின் ஒரு பக்கம் சற்று இறங்கியும் மறுபக்கம் ஏறியும் இருக்கும். இந்தச் சமமின்மை நிலாவாரையின் நல்ல அடையாளம்.

அடுத்தது நம் வேலியோரத்து ஆவாரை. இதன் பெயர் ஆரிகுலாட்டா. ஆரிகுலா என்றால் சின்னக் காது. சிற்றிலை காது வடிவம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆவாரை இணுக்கு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் பச்சையாக, அகலமாக, காது மடல்போல ஒன்று ஒட்டியிருக்கும். இலையடிச் செதில் என்பார்கள். அதைப் பார்த்து வைத்த பெயர் இது. சிற்றிலையின் நுனி நிலாவாரையைப்போலக் கூராக இராது. மழுங்கி, நடுவில் ஒரு சிறு முள்போன்ற நீட்சியோடு இருக்கும். ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே காம்பில் ஒரு சிறு சுரப்பியும் உண்டு. நிலாவாரைக்கு அந்தச் சுரப்பி கிடையாது. அறுவடையின்போது வேலியோர ஆவாரை கலந்துவிட்டால் காய்ந்த பிறகு கண்ணுக்கு எளிதில் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். மருந்து நிறுவனங்களின் சோதனைக் கூடத்தில் 80 சத கந்தக அமிலம் ஒரு துளி போதும். ஆவாரை சிவந்துவிடும். இதனை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அமிலம் கையைப் பொசுக்கும். இலை நுனியைப் பார்த்தாலே போதுமானது.

மூன்றாவது, காட்டு நிலாவாரை. தரையோடு படர்ந்தாற்போல வறண்ட நிலங்களில் காணப்படுவது. இதன் பழைய பெயர் காசியா ஒபோவாட்டா. ஓவம் என்றால் முட்டை. ஓவாட்டா என்றால் முட்டை வடிவம், அடிப்பக்கம் பருத்து நுனிப்பக்கம் சிறுத்தது. முன்னால் 'ஒப்' சேர்ந்தால் தலைகீழ். ஒபோவாட்டா என்றால் தலைகீழ் முட்டை. நுனிப்பக்கம் அகன்று காம்புப்பக்கம் ஒடுங்கியது. இந்த 'ஒப்' என்ற இரண்டெழுத்தைக் கவனியாமல் போனால் படம் தலைகீழாகிவிடும். ஈட்டி வடிவத்துக்கும் இதுவே விதி. ஒப்லான்சியோலேட் என்றால் தலைகீழ் ஈட்டி.

நான்காவது, மானாவாரிக் காடுகளில் மழைக்குப் பின் மண்டும் தகரை. தகரை என்று நாம் சொல்வதிலும் இரண்டு செடிகள் உண்டு. அதில் ஒன்றின் பெயர் ஒப்டூசிபோலியா. ஒப்டூசஸ் என்றால் மழுங்கியது. இதற்கு மூன்று ஜோடிச் சிற்றிலைகளே இருக்கும். நிலாவாரைக்கு ஐந்து முதல் எட்டு ஜோடிகள் வரை இருக்கும். ஆகவே எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். களையெடுக்கும் பெண்களுக்கு மூன்று ஜோடி, மழுங்கல் நுனி என்ற இரண்டு அடையாளங்களையும் சொல்லி வைத்தால் அவர்கள் கண் தவறாது. உண்மையில் என்னைவிட அவர்கள் வேகமாகப் பிரிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது உச்சரிப்பு. பலருக்கும் கூச்சம் இங்கேதான். நான் மாணவனாக இருந்தபோது ஒரு பேராசிரியர் ஓவேட்டா என்பார், இன்னொருவர் ஓவாட்டா என்பார். முன்னது ஆங்கிலேயர் வழக்கம், பின்னது இலத்தீனுக்கு நெருக்கம். பரீட்சையில் எழுதத்தான் வேண்டும், சொல்ல வேண்டியதில்லை என்று நாங்கள் தப்பித்துக்கொண்டோம். இங்கிலாந்தின் தாவரவியலர் வில்லியம் ஸ்டெர்ன், தாவரவியலுக்கான இலத்தீன் பற்றி 1966-இல் ஒரு பெரிய நூலே எழுதியவர். எப்படி உச்சரிக்கிறோம் என்பதைவிட, காதுக்கு இதமாகவும் கேட்பவருக்குப் புரியும்படியும் இருக்கிறதா என்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. ஆகவே வேளாண்மை அலுவலர் முன்னால் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அவர் சொல்வதும் பாதி ஆங்கிலம், பாதி இலத்தீன்தான். நான் சொல்வதும் அப்படியே.

ஒரு வகையில் தமிழருக்கு இது ஆங்கிலேயரைவிட எளிது. ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தெல்லாம் ஒலிப்பதில்லை. இலத்தீனில் எழுதியதெல்லாம் ஒலிக்கும், நம் மொழியைப் போல. சோம்பின் பெயரில் இரண்டாவது சொல் வுல்காரே. கடைசி ஏகாரத்தை விழுங்கி வல்கேர் என்று சொல்லக் கூடாது. தமிழ் படிப்பதுபோல ஒவ்வோர் உயிரெழுத்தையும் ஒலித்துக்கொண்டே போனால் முக்கால் பங்கு சரியாகிவிடும்.

சி என்ற ஆங்கில எழுத்து மட்டும் கொஞ்சம் ஆளை மாற்றும். அதன் பின் ஏ, ஓ, யூ என்ற எழுத்துகள் வந்தால் ககரம். ஆகவே கார்டிபோலியா. ஈ, ஐ என்ற எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் சகரம். ஆகவே லான்சியோலாட்டா. பழைய ரோமானியர் எல்லா இடத்திலும் ககரமாகவே ஒலித்தனர் என்பதால் லாங்கியோலாட்டா என்று சொல்பவரும் உண்டு. அதுவும் பிழையல்ல. அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் எது என்றால், போலியா என்று முடியும் பெயர்களில் 'போ' என்ற எழுத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். ஆட்டா என்று முடியும் பெயர்களில் அந்த நெடிலில் நிறுத்துங்கள். ஓ-வாட்-டா, ஆரிகு-லாட்-டா. இவ்வளவுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் எழுத்தில் ப என்பதற்கு மூன்று ஒலிகளும், ட, க ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு ஒலிகளும் வரும். ஆகவே தமிழில் எழுதி வைத்த இலத்தீன் பெயரைக் கொண்டு விதை வாங்கப் போகாதீர்கள். உச்சரிப்புக்கும் நினைவுக்கும் தமிழ் எழுத்து போதும். வாங்கும்போது ஆங்கில எழுத்தில் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். பொட்டலத்தில் இருப்பதையும் சீட்டில் இருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

போலியா என்ற முடிவு இருந்தால் பெயர் இலையைச் சொல்கிறது என்பது உறுதி. இல்லாவிட்டால் உறுதியில்லை. இசப்கோலின் பெயர் பிளாண்டாகோ ஓவாட்டா. முட்டை வடிவ இலையைத் தேடினால் ஏமாறுவீர்கள். அதன் இலை புல்லைப்போல ஒடுங்கியது. பொன்னாங்கண்ணியின் பெயர் ஆல்டர்நான்தெரா செஸ்ஸிலிஸ். செஸ்ஸிலிஸ் என்றால் காம்பில்லாமல் உட்கார்ந்திருப்பது. இலையில் அதனைத் தேடாதீர்கள். அதன் வெள்ளைப் பூக்கொத்து கணுவில் காம்பின்றி ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

இந்த ஒரு சொல்லைக் கவனியாததால் ஒரு நாடே தொல்லைப்பட்டது. பொன்னாங்கண்ணியை இலங்கையில் சிங்களவர் முக்குனுவென்ன என்று சொல்லி விரும்பி உண்பர். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கை மக்கள் பலர் தம் வீட்டுக் கொல்லையில் இந்தக் கீரையை வளர்த்தனர். 1990-களில் அதிகாரிகள் ஆராய்ந்து பார்த்தபோது, பலர் வளர்த்தது பொன்னாங்கண்ணியே அல்ல என்று தெரிந்தது. தென் அமெரிக்காவிலிருந்து பரவி நீர்நிலைகளை மூடும் அலிகேட்டர் களை அது. இலையைப் பார்த்தால் இரண்டும் அக்காள் தங்கைபோல் இருக்கும். களையின் பூக்கொத்து மட்டும் நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். விக்டோரியா மாநிலத்தில் களையைப் பிடுங்கிய கையோடு அந்த ஊர் இனம் ஒன்றை மாற்றாகக் கொடுத்தார்கள். அதன் பெயர் டென்டிகுலாட்டா. டென்ஸ் என்றால் பல், டென்டிகுலாட்டா என்றால் சின்னச் சின்னப் பற்களுடையது. இலை விளிம்பில் நுண்ணிய பல் வரிசை உண்டு. அலிகேட்டர் களை நம் நாட்டு நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது. ஆகவே குளத்திலிருந்து பொன்னாங்கண்ணித் தண்டு எடுத்து வந்து நடுவோர், பூக்கும் தருணத்தில் காம்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நடுவது நல்லது.

மற்ற வடிவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கார்டி என்றால் இதயம். சீந்திலின் பெயர் டினோஸ்போரா கார்டிபோலியா. ரெனிபார்மிஸ் என்றால் சிறுநீரக வடிவம். வல்லாரை இலை இந்த வடிவந்தான். எலிச்செவிக் கீரைக்கும் ரெனிபார்மிஸ் என்று ஒரு பெயர் உண்டு. வெள்ளைக்காரன் சிறுநீரகத்தைக் கண்டான், நம்மவர் எலியின் காதைக் கண்டார்கள். என்னைக் கேட்டால் நம் பெயர்தான் பொருத்தம். பெல்ட்டா என்றால் கேடயம். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் கேடயத்தின் கைப்பிடிபோல உட்புறத்தில் சேர்ந்தால் பெல்ட்டேட். தாமரை, சேம்பு, ஆமணக்கு மூன்றும் அப்படியே. அல்லி இலைக்குக் காம்புவரை பிளவு இருக்கும், தாமரைக்கு இராது. பால்மேட் என்றால் உள்ளங்கை விரித்தாற்போல. பப்பாளியும் ஆமணக்கும் இதற்கு உதாரணம். டிரைலோபாட்டா என்றால் மூன்று மடலாகப் பிரிந்தது. நரிப்பயற்றின் பெயர் விக்னா டிரைலோபாட்டா. கடற்கரை அடும்புக் கொடிக்கு ஆட்டுப் பாதம் என்று இலத்தீனில் பெயர். இலை நடுவே பிளந்து ஆட்டுக் குளம்புபோல் இருப்பதால். மந்தாரை இலையும் பிளந்ததுதான். ஆனால் அதன் முதற்பெயரான பௌகினியா, பௌகின் என்ற தாவரவியல் சகோதரர் இருவரின் நினைவாக வந்தது. இரண்டு மடல், இரண்டு சகோதரர்.

சீந்தில் பற்றி ஒரு வார்த்தை. கொரோனாக் காலத்துக்குப் பின் இதற்குக் கேட்பு கூடியது. இதன் உறவுச் செடியான டினோஸ்போரா கிரிஸ்பாவும் இதய வடிவ இலையுடையதே. அதைச் சீந்தில் என்று எண்ணிப் பயன்படுத்துவது தீங்காகலாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2022-இல் எச்சரித்தது. இங்கே இலை உதவாது. கிரிஸ்பாவின் தண்டில் பருக்கள் புடைத்து நிறைந்திருக்கும். கொடி வாங்கி நடுவோர் தண்டைத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும்.

பெயர்கள் மாறுவதும் உண்டு. காசியா என்ற பெரிய இனத்தை 1982-இல் இரண்டு அமெரிக்கத் தாவரவியலர் பிரித்தமைத்த பிறகு, ஆவாரை உறவுகள் பலவும் சென்னா என்ற இனத்துக்குப் போய்விட்டன. அங்குஸ்டிபோலியா, அகூட்டிபோலியா இரண்டும் ஒரே செடியின் வகைகள்தாம் என்று கருதி இரண்டையும் சென்னா அலெக்சாண்ட்ரினா என்ற ஒரே பெயரில் இப்போது அடக்குகிறார்கள். தாவரவியல்படி இது சரியாக இருக்கலாம். நமக்கு நட்டம் என்னவென்றால், பெயரிலிருந்த இலை போய்த் துறைமுகம் வந்துவிட்டது. ஆகவே நிலாவாரை விதை வாங்குவோர் பொட்டலத்தில் காசியா அங்குஸ்டிபோலியா என்றிருந்தாலும், சென்னா அங்குஸ்டிபோலியா என்றிருந்தாலும், சென்னா அலெக்சாண்ட்ரினா என்றிருந்தாலும் வாங்கலாம். மூன்றும் ஒன்றே. இண்டிகோபெரா என்று தொடங்கினால் அது நீலி. நீலியும் நல்ல பயிர்தான். ஆனால் அதனை வாங்கும் வியாபாரி வேறு.

நாற்றோ விதையோ கடன் சொல்லி வாங்கினாலும் இரசீதில் இலத்தீன் பெயரை எழுதி வாங்குங்கள். ஒப்பந்தச் சாகுபடி என்றால் ஒப்பந்தத் தாளிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். அவுரி என்று மட்டும் எழுதிய தாளை வைத்துக்கொண்டு பின்னால் வழக்காட முடியாது. விதைப் பொட்டலத்தின் உறையை அறுவடை முடியும்வரை எறியாதீர்கள்.

செடியில் சந்தேகம் வந்தால் ஓர் இலையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வராதீர்கள். ஒரு சாண் நீளக் கிளை, அதில் முழு இணுக்கு இரண்டு மூன்று, இருந்தால் பூவும் காயும் சேர்த்து வெட்டுங்கள். பழைய செய்தித்தாளின் நடுவில் விரித்து, ஓர் இணுக்கின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். மேலே கனமான பலகையோ அரிசி மூட்டையோ ஏற்றி, தாளைத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் தட்டையாகக் காய்ந்துவிடும். அவசரமென்றால் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பலாம். இணுக்கின் நுனி, காம்பு தண்டோடு சேரும் இடம், சிற்றிலையின் அடி ஆகிய மூன்றையும் தனித்தனியாக, பக்கத்தில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். விளாத்திகுளத்து நண்பர் இப்போது அப்படித்தான் அனுப்புகிறார். கீழே ஆங்கில எழுத்தில் பெயரையும் எழுதி, "இது அசல் அங்குஸ்டி, போலியா?" என்று கேட்பார்.